இங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள்

மழை தொடங்கி அட்மிஷன் பரபரப்பும் வந்துவிட்டால் உங்களில் யாராவது ஒருவரை உதவி மேசையில் உட்காரச் சொல்வார்கள். "சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், டீ வந்துகொண்டே இருக்கும்" என்று ஆசை காட்டுவார்கள். டீ வரும் என்பது உண்மை. சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

புனேயில் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயந்திரவியல் அடிப்படைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கடைசிச் சில ஆண்டுகள் முதலாண்டுப் பொறுப்பாளராகவும் இருந்தேன். உதவி மேசை என்று ஒன்று போட ஆரம்பித்த நாளிலிருந்து நான் ரிட்டயர் ஆகும்வரை அதில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. காரணம், என் திறமை இல்லை. கல்லூரியில் தமிழ் தெரிந்த ஒரே ஆசிரியை நான்தான். போபோடி, கேம்ப், கோந்த்வா என்று நகரத்தில் எங்கிருந்து தமிழ்க் குடும்பம் வந்தாலும், வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசியதுமே, "மதராஸி மேடம் அந்த மூலையில்" என்று என் பக்கம் தள்ளிவிட்டு மற்றவர்கள் டீ குடிப்பார்கள்.

இப்போது புனேயிலோ சேலத்திலோ வேறெங்கோ, அரசுப் பொறியியல் கல்லூரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது, அந்த மேசைக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைத்தான். அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்வது சுலபம். வேலை கிடைக்குமா, எத்தனை லட்சம் சம்பளம், விடுதியில் இடம் உண்டா, கேண்டீன் சாப்பாடு வாயில் வைக்கிற மாதிரி இருக்குமா, கம்ப்யூட்டர் பிரிவு கிடைக்காவிட்டால் வாழ்க்கை அவ்வளவுதானா. இதற்கெல்லாம் கையேட்டிலேயே பதில் இருக்கிறது, கடைசிக் கேள்விக்குத் தவிர.

அவர்கள் கேட்காதது வேறு. கேட்கத் தெரியாததால் கேட்க மாட்டார்கள். நாமும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்ல மாட்டோம். அரசுக் கல்லூரியில் ஆசிரியர் இடங்கள் சில காலியாக இருக்கும். பருவத்தின் நடுவில் ஓர் ஆசிரியருக்கு மாற்றல் உத்தரவு வரும், அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார், அடுத்தவர் வர எவ்வளவு நாளாகும் என்று மந்திரிக்கே தெரியாது. பட்டறையில் இருக்கும் சில இயந்திரங்களுக்கு மாணவர்களின் அப்பாவைவிட வயது அதிகம். இதையெல்லாம் சொன்னால் பெற்றோர் முகம் சுருங்கும். பரவாயில்லை, சொல்லுங்கள். கூடவே, பக்கத்து பெஞ்சில் உட்காரப் போகிற பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்றும் சொல்லுங்கள். ஒரு பெரிய ஆசிரியர் கூட்டம் கற்றுத் தருவதைவிட அதிகமாக அந்த பெஞ்ச் கற்றுத் தரும். நான் சொல்வது உபசாரப் பேச்சு இல்லை, பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. இங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள். பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால் வீட்டுக்கு போன் போகாது. பாடம் புரியவில்லை என்றால் யாரும் வந்து தோளைத் தட்ட மாட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் கோச்சிங் வகுப்பில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர்கள் சட்டென்று கையை விட்டுவிட்ட மாதிரி இருக்கும். கதவைத் தட்டினால் திறப்போம். தட்டாவிட்டால் நீ வெளியே நிற்பதே எங்களுக்குத் தெரியாது.

இதை நான் எப்படி இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், ரேணுகா என்ற பெண்ணால்.

போபோடியில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் அவர்கள் வீடு. அப்பா ஏகாம்பரம், கட்கியில் ஒரு தொழிற்சாலையில் தர்வான் வேலை, அதாவது வாசல் காவல். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அட்மிஷன் அன்று இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து என் மேசை முன்னால் நின்றவர், நான் மூன்று தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். ரேணுகாவுக்கு மெக்கானிக்கல் கிடைத்திருந்தது. தமிழைப் புரிந்துகொள்வாள், பேசும்போது இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை இந்திக்குத் தாவுவாள்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல்னு கோந்த்வால இருக்கிற என் மச்சான் கேக்குறாரு மேடம். பிரைவேட்ல கம்ப்யூட்டர்ல போடுன்றாரு. நான்தான் சர்க்கார் காலேஜு ஏக்தம் பக்கான்னு சொல்லிக்கினு இருக்கேன். சரிதானுங்களா?"

"சரிதான்" என்றேன். ரேணுகா சிரித்தாள். அன்றைக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவர்களை நான் மறந்தே போனேன். கணபதி விழா வந்து போனது. மழை ஓய்ந்தது. கடைத்தெருவில் தீபாவளிக்குக் காகிதக் கூண்டு விளக்குகள் தொங்க ஆரம்பித்த சமயம், வருகை குறைந்ததால் தேர்வெழுத முடியாதவர்கள் என்று முதலாண்டுக்கு ஓர் அறிவிப்பு ஒட்டினோம். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தேர்வுப் பிரிவுக்கு அந்தப் பெயர்கள் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பெயரை எடுக்க வேண்டுமென்றால் ஆண்டவனே வந்தாலும் நடக்காது.

மதியம் அலுவலகத்திலிருந்து எழுத்தர் அம்மாள் என்னை வரச் சொன்னார். போனால், ஏகாம்பரம் நிற்கிறார். பக்கத்தில் ரேணுகா, பையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி.

"அட்மிஷன் கேன்சல் பண்ணணும்னு நிற்கிறார் மேடம். எல்லாம் எழுதியே கொண்டுவந்துவிட்டார். உங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்றேன்" என்றார் எழுத்தர் மராத்தியில். நல்ல பெண்மணி அவர். கேட்காமலே செய்திருக்கலாம், விதிப்படி என்னைக் கேட்க வேண்டிய அவசியமே கிடையாது. அவர் கணினியில் ஒரு தடவை அழுத்தினால் அந்த இடம் போனது போனதுதான். அடுத்த வருடம் மறுபடி நுழைவுத் தேர்விலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"இன்னா ஆவணும் மேடம்? மொத நாள விட்டா ஒர்க் ஷாப்ல ஒரு நாள்கூட ஆஜர் இல்லையாம். ஒரு நாள்கூட! காலைல பஸ் ஏறுறா, சாயங்காலம் வர்றா. ஏப்ரன எடுத்துக்கினு போறா, கொண்டாறா. அதுல ஒரு கறை கிடையாது. அவ அம்மா துவைக்கிறதுக்கே எடுத்தது இல்ல. அப்பவே எனக்கு டவுட்டு வந்திருக்கணும்."

"ரேணுகா, நீ என்னம்மா சொல்றே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் முந்திக்கொண்டார். "அவ இன்னா சொல்லுவா? காலேஜுக்குத்தான் வந்தேன்றா. எங்க லைன்ல ஒரு ஆட்டோக்காரர் ரெண்டு தபா பாத்திருக்காரு, கிளாஸ் நேரத்துல மரத்தடியில உக்காந்துக்கினு இருந்தாளாம். பிரைவேட் காலேஜுன்னா புள்ள வரலன்னா அப்பனுக்கு மெசேஜ் வருது மேடம். மச்சான் சொன்னாரு, நான் கேக்கல. இங்க யாரு எனக்குச் சொன்னீங்க?"

கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்வி.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் துறைத் தலைவர் ஒருவர் இருந்தார். மகா கோபக்காரர். ஆனால் பெற்றோர் கத்திக்கொண்டு வந்தால் மட்டும் ஆச்சரியமாக அடங்கிப்போவார். "கத்துகிறவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார், அவரோடு வாதாடாதே, அந்த அறையில் பேசாமல் நிற்பவர் யார் என்று பார்" என்பார். அன்றைக்கு அறையில் பேசாமல் நின்றது ரேணுகா. அப்பா பக்கத்தில் இருக்கிறவரை அவள் பேசப் போவதில்லை என்பதும் தெரிந்தது.

எழுத்தரிடம் கண்ணைக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு, சர்வர் வேலை செய்யவில்லை, கொஞ்சம் காத்திருங்கள் என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டார். அரசு அலுவலகத்தில் யாரும் சந்தேகப்படாத ஒரே பொய் அதுதான். ரேணுகாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனேன்.

"எங்கே போனே? திட்ட மாட்டேன். எங்கே போயிருந்தாலும் சரி, சொல்லு."

"எங்கேயும் போகல மேம். ஒர்க் ஷாப்தான் வந்தேன். ரோஜ்… எல்லா வாரமும் வந்தேன். பாஹர் நின்னேன். வெளிய. அப்புறம் மரத்தடியில."

"வெளியே ஏன் நின்னே?"

"என் ஜாப் பாஸ் ஆகல."

முதலாண்டுப் பட்டறையில் முதல் வேலை, இரண்டு இரும்புத் துண்டுகளை அரத்தால் ராவி, ஒன்றோடொன்று இடைவெளி தெரியாமல் பொருந்தும்படி செய்வது. அதைத்தான் ஜாப் என்பார்கள். முதல் வகுப்பில் அவளுடைய துண்டுகள் சரியாகப் பொருந்தவில்லை. பட்டறை மாஸ்தர், "அடுத்த வாரம் இதைச் சரிசெய்து எனக்குக் காட்டு. நான் முத்திரை குத்தினால்தான் உள்ளே வர வேண்டும். பாஸ் ஆகாமல் யாரும் என் ஷாப்புக்குள் காலை வைக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார். எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னதுதான். அவளைப்போலப் பொருந்தாமல் போனவர்கள் பாதிப் பேர்.

மறு வாரம் அவள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருக்கிறாள். மாஸ்தர் வரவில்லை. மாற்றலாகிப் போய்விட்டார். தச்சுப் பிரிவு மாஸ்தர்தான் இரும்பு வேலைப் பிரிவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். ஒரு சீனியர் மாணவன், "அந்த சார் போய்விட்டார், புது சார் வருவார்" என்று சொல்லியிருக்கிறான். இவள் புது சாருக்காகக் காத்திருந்தாள். அந்தப் புது சார் இன்றுவரை வரவில்லை. மற்ற பிள்ளைகள் பாஸும் முத்திரையும் யாருக்கு நினைவிருக்கிறது என்று சாதாரணமாக உள்ளே போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"நீயும் போயிருக்கலாமே?"

"சார் வேணாம் சொன்னாரே மேம்."

"அந்த சாரே இல்லையேம்மா!"

"ரூல் இருக்கே."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? பாதிதான் நம்பினேன். முப்பது வருடம் மாணவர்களோடு இருந்தவர்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள், நீங்களும் ஆவீர்கள். இல்லாத பாட்டியைச் சாகடித்து லீவு கேட்டவர்களை எல்லாம் பார்த்தவள் நான். வாரா வாரம் வந்து வெளியே நின்றேன் என்று சொல்வது கெட்டிக்காரத்தனமான கதையாகவும் இருக்கலாம், கேட்பவர் மனசு இளகும் கதை.

டீனுக்கு போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சுருக்கமான மனிதர். "நிஜமான காரணம் என்றால் விடுமுறையில் ஈடுசெய்ய வகுப்பு வைக்கலாம், பெயரை எடுத்துவிடுகிறேன். காரணம் நிஜம் என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். சாயங்காலத்துக்குள்" என்றார். தச்சு மாஸ்தருக்கும் போன் போட்டேன். "அந்தப் பெண்ணா? நான் பார்த்ததே இல்லையே மேடம்" என்றார் அவர். ஆக, என் கையெழுத்தில் விஷயம் நின்றது. அப்பாவோ என் கையெழுத்துக்கே காத்திருக்கப் போவதில்லை, இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு அவர் போக வேண்டும்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து ரேணுகா சொன்னதை அப்படியே ஏகாம்பரத்திடம் சொன்னேன். அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"மேடம், நான் இருவது வருஷமா கேட்டுல நிக்கிறவன். எத்தினி கதை கேட்டிருப்பேன்? கேட் பாஸ் வூட்ல இருக்குது, பாஸ் தண்ணில நனைஞ்சிடுச்சு, சாப் என் மாமா. ஒரு பெரிய ஆபீசர் சாப்போட மருமவனையே வெளிய நிக்க வெச்சவன் நான். என் பொண்ணு எனக்கே கதை சொல்றா."

"ஒரு தடவ பட்டறையப் பாத்துட்டு வந்துடலாம். பத்து நிமிஷம். அதுக்கப்புறம் நீங்க என்ன முடிவு எடுத்தாலும் நான் குறுக்க வரல" என்றேன். அங்கே போய் என்ன நிரூபிக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. யாராவது ஒரு பையன், "ஆமாம், இவள் இங்கேதான் நிற்பாள்" என்று சொல்ல மாட்டானா என்ற நப்பாசைதான். நேரத்தை இழுப்பது கையாலாகாதவர்கள் வேலை என்று இளைஞர்கள் நினைப்பார்கள். திரும்பப் பெற முடியாத ஒரு காரியம் நடக்கப் போகிறது, உங்களுக்கும் நிச்சயமாக ஒன்றும் தெரியவில்லை என்றால், இழுங்கள். வெட்கப்படவே வேண்டாம்.

பட்டறை கல்லூரியின் பின்பக்கம், பெரிய தகரக் கொட்டகை. உணவு இடைவேளை முடிந்து மாணவர்கள் கும்பலாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இரும்பை ராவுகிற சத்தம் ஆரம்பித்துவிட்டது. வாசலில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும். ஷூவும் ஏப்ரனும் இல்லாமல் அதைத் தாண்டக் கூடாது என்பதற்காக. நான் முன்னால் போனேன், பின்னால் ஏகாம்பரம் வந்தார். சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "அந்தக் கடைசி மேசைதான்" என்று ஏதோ சொல்லிக்கொண்டே திரும்பினேன். ரேணுகா எங்களோடு இல்லை.

வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், நடுவில் இல்லை, வலது ஓரமாக, தூணை ஒட்டி. யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. பையன்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியான அளவு விலகி வழிவிட்டாள், அவர்கள் போனதும் பழைய இடத்துக்கே வந்து நின்றாள். பையை அணைத்தபடி, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, உள்ளே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் நின்றுவிட்டது அவளுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"மேடம், கதை சொல்றவன் கேட்டு நடுவுல வந்து நிப்பான். கையக் கால ஆட்டிப் பேசுவான். தனக்குப் பாஸ் இல்லன்னு தானே நம்பிட்டவன்தான் இப்பிடி ஓரமா நிப்பான். இருவது வருஷமா பாக்குறேன், இதுல எனக்குத் தப்பாது." ஒரு மூச்சு விட்டுவிட்டு, "அவ பொய் சொல்லல" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரும்புத் தூள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவர் வாசலுக்குப் போனார். கோட்டுக்கு உள்பக்கம் அப்பா, வெளிப்பக்கம் மகள்.

"ஏம்மா, என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? இத்தினி வாரமா?"

ரேணுகா தமிழில்தான் பதில் சொன்னாள். தேடித் தேடிச் சொன்னாள். "சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க அப்பா? பாஸ் இல்லாம உள்ள போவாதன்னுதானே சொல்லுவீங்க."

ஏகாம்பரம் மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, அதான் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "வா உள்ள" என்றார்.

அவள் வந்தாள்.

மற்றதெல்லாம் சிரிப்பு வரும் அளவுக்குச் சுலபம். தச்சு மாஸ்தர் ரேணுகாவின் பைக்குள் இருந்த அந்த இரண்டு இரும்புத் துண்டுகளை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஓர் இடத்தில் மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. அரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்து, "இங்கே, இங்கே" என்று காட்டினார். அவள் ராவினாள். மறுபடி பார்த்தார், வெளிச்சம் இல்லை. முத்திரை குத்தினார். "இதற்காகவா வெளியே நின்றாய்? என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று அங்கலாய்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு பிரிவையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிற தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அதுவும் நியாயம்தான். தீபாவளி விடுமுறையில் நான்கைந்து நாள் பட்டறையைத் திறந்து வைக்க அவரைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

டீனுக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் நிஜம் என்று. அவ்வளவு தைரியமாக என் பணிக்காலத்தில் வேறெதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அரை மணி நேரத்தில் அந்த அறிவிப்பிலிருந்து ரேணுகாவின் பெயர் எடுக்கப்பட்டது. எழுத்தர் அம்மாளின் சர்வரும் அதே நேரத்தில் சரியாகிவிட்டது. ஏகாம்பரம் கொடுத்த விண்ணப்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தார். அப்பாடா என்று குடித்தேன். அவ்வளவு நல்ல டீ அந்த கேண்டீனில் அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை.

ரேணுகா அந்தப் பருவம் தேர்வெழுதினாள், தேறினாள். முதல் மாணவியாக வந்தாள் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். கணிதத்தில் தட்டுத் தடுமாறித்தான் கரையேறினாள். நான்கு வருடமும் முடித்து, சாக்கன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருக்கிறாள்.

நீங்கள் யோசிக்க வேண்டியது அந்த மாற்றலாகிப் போன மாஸ்தரைப் பற்றி. அவர் கெட்டவர் இல்லை. எல்லோரும் சொல்கிற மாதிரி ஒரு மிரட்டல் சொன்னார், அடுத்த வாரம் அவருக்கே அது மறந்திருக்கும். வகுப்பில் நின்று, "இது இல்லாமல் உள்ளே வராதே" என்று நீங்களும் சொல்வீர்கள். கேட்காத பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் சொல்வீர்கள். ஆனால் அதைச் சொல்லுக்குச் சொல் கேட்கிற பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும். சாதாரணமாக அது பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளையாக இருக்காது. வாசலில் நிறுத்தினால் நிற்க வேண்டும் என்று வீட்டில் கற்றுக்கொண்டு வந்த பிள்ளையாக இருக்கும். ரூல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டால், ஊரைவிட்டுப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்றைக்கு ஏகாம்பரம் கிளம்பும்போது நான் அவரோடு கல்லூரி வாசல்வரை நடந்தேன். ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தவர், பாதி வழியில் நின்றார்.

"மேடம், என் தங்கச்சி பொண்ணு ஒண்ணு இருக்குது, கேம்ப்ல. அடுத்த வருஷம் இங்கதான் சேக்கணும்னு பாக்குறாங்க. அந்தப் புள்ளைக்கு இன்னா சொல்லட்டும்?"

அட்மிஷன் அன்று என்னிடம் அவர் கேட்கத் தெரியாமல் விட்டதும், வரிசை நீளமாக இருக்கிறது என்று நான் சொல்லாமல் விட்டதும் அதுதான். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். ஆசிரியர் இடங்கள் காலியாக இருக்கும், மாற்றல் வரும், யாரும் கூப்பிட மாட்டார்கள், நாமாகப் போய்த் தட்ட வேண்டும், ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவரிடம் போக வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஏகாம்பரம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் தலையை ஆட்டினார்.

"அவ்ளோ சொன்னா அதுக்கு ஞாபகம் இருக்காது மேடம். நான் வேற மாதிரி சொல்லிடுறேன்."

"எப்படிச் சொல்லுவீங்க?"

ஏகாம்பரம் எங்கள் கல்லூரி கேட்டைப் பார்த்தார். காவல்காரர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வண்டிகள் பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

"நிறுத்துறதுக்கு ஆள் இல்லன்னா நிக்காதன்னு சொல்லுவேன்" என்றார்.